செல்விக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள செல்விக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம். உன் நலத்தையும் மாப்பிள்ளையின் நலத்தையும் அறிய ஆவல். சித்தி மகளுக்கு வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

நீ தோல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கென்று தனியாக ஃபெலோஷிப்பில் சேர்ந்திருப்பதை அப்பா தெருவில் ஒருவர் விடாமல் சொல்லியாகிவிட்டது. கேட்கிறவர்கள் முதலில் "டாக்டரான பிறகும் படிப்பா?" என்கிறார்கள், அடுத்த நிமிடம் முகப்பருவுக்கு மருந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியும்? எனக்கு நீ விளக்க வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்காவில் மேடிசனில் இடம் கிடைத்திருக்கிறது என்று நீ சொன்ன அன்றே, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில்தானே 1930களில் ஃபிரெடெரிக் மோஸ் என்ற மருத்துவர், புற்றைப் படலம் படலமாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து எடுக்கிற இந்த முறையைத் தொடங்கினார் என்று கேட்டேனே, நினைவிருக்கிறதா? அவர் துத்தநாக குளோரைடுப் பசையைத் தடவிச் சதையை உடம்பிலேயே பதப்படுத்தி, மறுநாள் ஒரு படலத்தை வெட்டியெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்று மிச்சம் இருந்தால் மறுபடியும் பசை தடவுவாராம். அந்த எரிச்சலோடு இரவெல்லாம் கிடந்த நோயாளிகளை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இப்போது மரத்துப்போக ஊசி போட்டு, வெட்டி, உறையவைத்து, ஒரு மணி நேரத்திற்குள் பதில் தெரிந்துவிடுகிறது என்றால் அது சாதாரணக் காரியமில்லை.

எங்கள் லேபில் டெக்னீஷியன்களாக நாங்கள் செய்தது வேறு. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, வாழைக்காயை வில்லை போடுவது போல இடைவெளி விட்டு வெட்டிக் கொடுப்போம். அந்தச் சில ஸ்லைடுகளில் ஓரத்தின் நூற்றில் ஒரு பங்குகூட மருத்துவரின் கண்ணுக்கு வராது. நீங்களோ கிண்ணம் போலச் சரிவாக வெட்டி, விளிம்புக்கு வண்ண மை தடவி, சுற்று ஓரமும் அடிப்பாகமும் ஒரே தளத்தில் படியும்படி அமுக்கி உறையவைக்கிறீர்கள். ஓரம் முழுவதும் பார்க்கப்படுகிறது, எந்த மூலையில் மிச்சமோ அந்த மூலையில் மட்டும் மறுபடியும் வெட்டினால் போதும். மூக்கிலும் இமையிலும் ஒரு மில்லிமீட்டர் சதையைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிது என்பது முகம் போனவர்களைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தாமிரபரணிக் கரைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பாட்டியை நான் மறக்கவில்லை. மூக்கோரத்தில் ஆறாத புண், 'பேசல் செல்' என்கிற தோல் புற்று என்று ரிப்போர்ட். வெட்டியெடுத்த சதையின் ஓரத்தில் புற்று இருக்கிறது என்று நாங்கள் எழுதி முடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. அதற்குள் தையல் பிரித்து ஊருக்குப் போய்விட்டார். அந்தத் தாள் வாங்குவாரில்லாமல் எங்கள் தட்டிலேயே கிடந்தது. அவர் திரும்பி வந்தபோது புண் இமை வரை ஏறியிருந்தது. அந்த வகைப் புற்று உடம்பில் பரவுவது அபூர்வம்தான், ஆனால் இருக்கிற இடத்தை அரித்துக்கொண்டே போகும். முதல் தடவையே உங்கள் முறையில் எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஐந்து ஆண்டு வரை திரும்புவதில்லை என்று நீ சொன்னபோது, எனக்கு அந்தத் தாள்தான் கண்முன் வந்தது. நம் நாட்டில் இதை முறையாகச் செய்கிற இடங்கள் மிகச் சில. இதைச் சொல்வதால் உன்னை இங்கே வா என்று நான் வற்புறுத்துவதாக நினைக்காதே. அது உன் முடிவு. ஆனால் அங்கே வெளிறிய தோல்காரர்களின் மூக்கையும் காதையும் பார்த்துப் பழகிவிட்டு, நம்மைப் போன்றவர்களுக்கு மெலனோமா என்கிற கரும்புற்று வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும் என்பதை மறந்துவிடாதே. நோயாளியைச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த முறையில் அறுக்கிறவரே ஸ்லைடையும் படிக்கிறார் என்று பெருமையாகச் சொன்னாய், சரிதான். அந்த ஸ்லைடை, உறைந்த சதையைச் சீவும் கிரையோஸ்டாட் கருவியில் குளிருக்குள் கையை விட்டு வெட்டிக் கொடுக்கிறவர் யார்? படலம் மடிந்துவிட்டாலோ ஓட்டை விழுந்துவிட்டாலோ எவ்வளவு பெரிய மருத்துவராக இருந்தாலும் ஒன்றும் தெரியாது. டெக்னீஷியனின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டு, காலையில் வணக்கம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கு. பல ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்தவள் சொல்கிறேன்.

உன் நாற்காலியின் உயரம் சரியாக இருக்கிறதா? நோயாளியின் மேசையை உயர்த்திக்கொள், நீ குனியாதே. மைக்ராஸ்கோப்பின் கண்ணாடி உன் கண்ணுக்கு வர வேண்டும், கழுத்து அதைத் தேடிப் போகக் கூடாது. இரண்டு தையலுக்கு நடுவில் விரல்களை விரித்து மடக்கு. கழுத்தும் தோளும் மணிக்கட்டும் உங்கள் தொழிலில் பலருக்கும் வலிப்பவைதான் என்று படித்தேன், அதனால்தான் பொதுவாகச் சொல்கிறேன். எனக்கே சதையைச் சீவும் மைக்ரோடோம் கருவியின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்த வலியில், இன்றும் வலது கையால் இட்லிக் கொப்பரையைத் தூக்க முடியவில்லை. அப்பாதான் இறக்கி வைக்கிறார். நாற்காலி உயரத்தைப் பார்த்துக்கொள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ கேமராவைப் போடவில்லை. நெட் சரியில்லை என்கிறாய், இருக்கலாம். மாப்பிள்ளையிடம் "செல்வி எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டால், பாவம், அந்த ஊர்ப் பனியைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறார். கடைசியாக உன் முகத்தைப் பார்த்த அன்று நீ காபி டம்ளரை இடது கையால் எடுத்தாய். சின்ன வயதில் சிலேட்டில்கூட இடது கையால் கோடு போட்டவள் இல்லை நீ. அப்பா கவனிக்கவில்லை, நானும் அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் கடைசியில் பயிற்சி முடிகிறவரை யாருக்கும் தெரிய வேண்டாம், தெரிந்தால் கத்தியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று நீ பயப்படுகிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது. ரெசிடென்சி இடத்துக்கு நீ பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவள் நான், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விரல் மரத்துப்போவது ராத்திரியில்தான் அதிகமா, கட்டைவிரலும் அடுத்த இரண்டும் மட்டும்தானா என்று உன் நோயாளி ஒருவரிடம் நீ கேட்பாயில்லையா, அதை உன்னிடமும் கேட்டுக்கொள். உங்கள் ஆஸ்பத்திரியில் வேண்டாமென்றால் வேறோர் ஊரில் கைக்கென்றே இருக்கிற மருத்துவரிடம் காட்டு. நரம்புச் சோதனை எடுத்தால் தாளை எனக்கு அனுப்பு. அப்பாவிடம் காட்டமாட்டேன். ரிப்போர்ட் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்புடன்,
அம்மா