புள்ளியியல் தாளைக் கண்டு அஞ்சும் முதலாண்டு மாணவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்தப் பாடப்பிரிவில் சேர்வது, எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பது பற்றியெல்லாம் சேர்க்கைக் காலத்தில் தங்கள் நாளிதழ் பயனுள்ள செய்திகளை வெளியிட்டு வருகிறது. சேர்ந்த பிறகு வகுப்பறையில் என்ன காத்திருக்கிறது என்பது பற்றி, அதிலும் பெரும்பாலான மாணவர்கள் தாமாக விரும்பித் தேர்ந்தெடுக்காத ஒரு பாடத்தைப் பற்றி, சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். வணிகவியல், பொருளியல், உளவியல், கணினிப் பயன்பாட்டியல் என எதில் சேர்ந்தாலும் புள்ளியியல் தாள் ஒன்று எப்படியும் வந்துவிடுகிறது. கடலூரில் நெடுங்காலம் அந்தத் தாளை நடத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பிளஸ் டூவில் கணக்கு எடுக்காத பிள்ளைக்கு இந்தத் தாள் கைவருமா என்பதே பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி. வரும். நான்கு அடிப்படைக் கணக்குகள், வர்க்கமூலம், சதவீதம், ஒரு நேர்கோட்டுச் சமன்பாட்டைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு இயற்கணிதம், வரிசையாகக் கூட்டச் சொல்லும் சிக்மா குறி ஆகியவை போதும். நுண்கணிதம் தேவைப்படுவது பெரும்பாலும் கணித மாணவர்களுக்கான தாளில்தான். எண்களைக் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும். எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று தீர்மானிப்பதும், வந்த விடை என்ன சொல்கிறது என்று எழுதுவதும் மாணவரின் வேலை. கணிதத்தில் கெட்டிக்காரர்கள் சிலர் இந்தத் தாளில் தடுமாறுவதும், கணக்கென்றாலே ஒதுங்கிய சிலர் நல்ல மதிப்பெண் வாங்குவதும் இதனால்தான்.

முதல் சில வாரங்கள் மிக எளிதாக இருக்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அட்டவணை, விளக்கப்படம், சராசரி, இடைநிலை, முகடு என்று பள்ளியில் பார்த்தவையே மீண்டும் வருவதால், ‘இவ்வளவுதானா’ என்று வகுப்புக்கு மட்டம் போடத் தொடங்குகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பழைய பாடத்துக்குள்ளேயே புதிதாகக் கேட்கப்படும் கேள்வியைத்தான் அவர்கள் தவறவிடுகிறார்கள். 2015 வடகிழக்குப் பருவமழையில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் தத்தளித்தது. அடுத்த ஆண்டே, 2016இல், அதே பருவமழை தமிழகம் முழுவதும் பொய்த்துப்போனது. இவ்விரண்டு ஆண்டுகளின் மழையளவையும் கூட்டி இரண்டால் வகுத்து வருகிற எண்ணை நம்பி எந்த விவசாயியும் விதைக்க மாட்டார். ஓராண்டுக்கும் மற்றோராண்டுக்கும் மழை எவ்வளவு மாறுகிறது என்பதைச் சராசரி சொல்வதில்லை. அதைச் சொல்வதற்கே திட்ட விலக்கம் இருக்கிறது. (போகிற போக்கில் ஒன்று: கால்குலேட்டரில் திட்ட விலக்கத்துக்கு இரண்டு விடைகள் கிடைக்கும். உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது ஒன்று, அதில் ஒன்றைக் குறைத்து வகுத்து வருவது மற்றொன்று. மொத்தத்தில் சிறு பகுதியாக எடுத்த மாதிரியிலிருந்து மொத்தத் தொகுதியின் விலக்கத்தை மதிப்பிடும்போது இரண்டாவதே பொருந்தும். தேர்வில் இதை மாற்றி எழுதி மதிப்பெண் இழக்கிறவர்கள் ஏராளம்.)

இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்று பார்க்கும் ஒட்டுறவுப் பாடத்துக்கு வந்தால், அதை ஒரே எண்ணாகச் சொல்லும் கெழுவைக் கண்டுபிடிப்பது அரை மணி நேரப் பயிற்சி. ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று கற்பிக்காமல் இருப்பதுதான் கடினம். கோடையில் வெயில் ஏற ஏற மீன் விலையும் ஏறுவதை நம் கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கம் யாரும் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை இருப்பதையும், அக்கினி நட்சத்திரம் அந்த நாள்களுக்குள்ளேயே வருவதையும் அறியாதவர், வெயிலே விலையை ஏற்றுகிறது என்று எழுதிவிடுவார்.

வணிகவியல் மாணவர்களுக்குச் சில பாடத்திட்டங்களில் குறியீட்டெண், காலத்தொடர் ஆகியவற்றோடு தாள் முடிந்துவிடும். மற்றவர்களுக்கு அதன் பிறகுதான் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. நிகழ்தகவு, இயல்நிலைப் பரவல் ஆகியவற்றைக் கடந்து, சிறு மாதிரியை எடுத்து முழுத் தொகுதியையும் மதிப்பிடும் கூறெடுப்புக்கு வரும் இடத்தில் வகுப்பில் பாதிப்பேர் நின்றுவிடுவதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். பாடநூலில் அந்தப் பகுதி வறட்டுச் சூத்திரங்களாக இருப்பது ஒரு காரணம். பண்ருட்டி முந்திரி வியாபாரத்தைக் கொண்டு அதை விளக்கினால் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

லாரியில் வந்திறங்கும் முந்திரிக் கொட்டை முழுவதையும் உடைத்துப் பார்த்து யாரும் விலை பேசுவதில்லை. பல மூட்டைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, அதில் ஒரு கிலோவை ஒவ்வொரு கொட்டையாக வெட்டி, சொத்தையையும் சூம்பியதையும் ஒதுக்கி, தேறிய பருப்பை நிறுத்து, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு கிடைக்கும் என்று அவுட்டர்ன் கணக்கிடுகிறார்கள். ஒரு கிலோவில் 270 கிராம் தேறினால் மூட்டைக்கு ஏறத்தாழ 47.6 பவுண்டு. அதே சரக்கிலிருந்து இன்னொரு கிலோவை வெட்டினால் 262 கிராம் வரலாம், மூன்றாவது கிலோவில் 275 வரலாம். சரக்கு மாறவில்லை, மாதிரி மாறியிருக்கிறது. இப்படி மாதிரிக்கு மாதிரி சராசரி எவ்வளவு அலையும் என்பதை அளப்பதே திட்டப் பிழை. இதில் இரண்டு செய்திகள் மாணவர்களை வியக்க வைக்கும். பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் மாதிரியை இரு மடங்காக்கினால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும். அடுத்தது, சரக்கு நூறு மூட்டையானாலும் ஆயிரம் மூட்டையானாலும், வெட்டிப் பார்ப்பது அதில் சிறு பங்காக இருக்கும்வரை, தேவையான மாதிரியின் அளவு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மேலே கிடக்கும் மூட்டைகளில் மட்டும் கைவிட்டு எடுத்தால் எத்தனை கிலோ வெட்டியும் பயனில்லை. அந்தக் கோணலை எந்தச் சூத்திரமும் நிமிர்த்தாது.

இந்த இடத்தைத் தாண்டியவருக்குக் கருதுகோள் சோதனை தானாகப் புரியும். சரக்கு 48 பவுண்டு என்று விற்பவர் சொல்கிறார், நம் மாதிரிகளின் சராசரி 46.5 வருகிறது, அவர் சொன்னது தவறா, நம் கையில் வந்த மாதிரி அப்படியா? சோதனையில் p மதிப்பு 0.03 என்று வந்தால், அவர் சொன்னது பொய் என்பதற்கு 97 சதவீத வாய்ப்பு என்று பலரும் எழுதுகிறார்கள். அது பிழை. அவர் சொன்னது மெய்யாகவே இருந்தாலும், இந்த அளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாகத் தோன்ற நூற்றுக்கு மூன்று வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் சிறு மாதிரிகளின் சராசரியைச் சோதிக்கும் டி சோதனைக்கு அடித்தளமான கட்டுரையை எழுதிய வில்லியம் காசெட் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். மிகச் சில மாதிரிகளை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய அவருடைய நெருக்கடி, பண்ருட்டி வியாபாரியின் நெருக்கடிதான். இந்தியப் புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ் பிறந்த ஜூன் 29ஐ 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறோம். கல்லூரிகளில் வினாடிவினாவும் நடக்கிறது. அவர் வங்காளத்தில் சணல் பயிரான பரப்பைக் கூறெடுப்பு முறையில் மதிப்பிட்ட வரலாற்றை அன்றைக்காவது ஒரு வகுப்பில் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆகவே மாணவர்கள் எதிர்பார்க்க வேண்டியது இது: வாரந்தோறும் கையால் போட்டுப் பார்க்கும் கணக்குகள் கட்டாயம் உண்டு, கடைசி வாரத்தில் கைடு வாங்கிப் படித்தால் முதல் பாதிக்கு ஈடுகொடுக்கலாம், இரண்டாம் பாதிக்கு முடியாது. ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. நாற்பது வரி அட்டவணையை நிரப்பி, விடையைக் கட்டம் கட்டி, அதன் கீழே ஒரு சொல்லும் எழுதாத விடைத்தாளுக்கு நாம் முழு மதிப்பெண் கொடுத்துப் பழகிவிட்டோம். பாடத்திட்டத்தை மாற்றுவது பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. அகமதிப்பீட்டுத் தேர்வுகளோ கல்லூரித் துறைகளின் கையிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு கணக்கின் முடிவிலும், வந்த எண் என்ன சொல்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொல்லி, பத்து மதிப்பெண்ணில் இரண்டை அதற்கென ஒதுக்குவதை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.