பஞ்சிகாவத்தையில் கண்ட அண்ணாவுக்கு

சனிக்கிழமை கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் என் போனில் இருந்த பிரேக் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அண்ணா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

என் வாகனத்தின் முன் சில்லுகளில் பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் கலிப்பர் இரண்டையும் கழற்றிப் பூட்டியதிலிருந்து பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. பிரேக் ஒயிலுக்குள் சிக்கிய காற்றை நாலு தரம் எடுத்தும் சரிவரவில்லை. பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர்தான் பழுது என்று நினைத்து, புதிது வாங்க வந்திருந்தேன்.

“தம்பி, நிப்பிள் கீழே நிக்குது. இடம் வலம் மாறிப் போச்சு” என்றீர்கள். நிப்பிள் என்றால் காற்றை வெளியே விடக் கலிப்பரில் திறக்கும் சிறு குழாய். காற்று மேலேதானே தங்கும். கீழே திறந்தால் ஒயில் மட்டும்தான் வரும்! கலிப்பர்களை மாற்றிப் பூட்டி, நிப்பிள் மேலே வந்தபின் காற்று எடுத்தேன். குமிழ் குமிழாக வந்தது. அப்புறம் பெடல் கல்லுப் போல நின்றது.

இன்று அம்மாவை ஏற்றிக்கொண்டு காலி வீதியில் பயமில்லாமல் போய் வந்தேன். மிக்க நன்றி அண்ணா.