யார் பார்க்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சமூக வலைதளங்களுக்குப் புதிதாக வருகிறவர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அளவோடு பயன்படுத்துங்கள், முன்பின் தெரியாதவர்களை நம்பாதீர்கள் என்ற அறிவுரைகள் சரிதான். ஆனால் புதியவர்கள் முதலில் சறுக்கும் இடம் வேறு. தாங்கள் எழுதுவதை யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரிவதில்லை, யாரும் சொல்லிக் கொடுப்பதும் இல்லை.

ஃபேஸ்புக்கில் பதிவு போடும்போது அதை எல்லாரும் பார்க்கலாமா, நண்பர்கள் மட்டுமா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பொத்தானைத் தொட்டே பார்க்காதவர்கள் நிறையப் பேர். கமெண்ட்டில் குழப்பம் இன்னும் அதிகம். நண்பரிடம் மட்டும் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அவர் பதிவின் கீழே தங்கள் உடல்நிலை, வீட்டுச் சண்டை, ஊருக்குப் போகும் தேதி என எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பதிவு பொதுவில் இருந்தால் கீழே எழுதியதும் பொதுதான். அதை முடிவு செய்வது பதிவு போட்டவர், நாம் இல்லை. இப்படிப்பட்ட பேச்சைத் தனிச்செய்தியில் வைத்துக்கொள்வதே நல்லது. நாம் முன்பு பொதுவில் போட்ட பழைய பதிவுகளை, செட்டிங்ஸுக்குள் போய் மொத்தமாக 'நண்பர்களுக்கு மட்டும்' என்று மாற்றிவிடவும் வழி இருக்கிறது.

நண்பர் பட்டியலையும் திறந்து வைத்திருக்க வேண்டாம். மோசடிக்காரர்கள் நம் பெயரிலும் படத்திலும் இன்னொரு கணக்கைத் தொடங்கி, அந்தப் பட்டியலில் இருப்பவர்களிடம் அவசரம் என்று பணம் கேட்கிறார்கள். ஏற்கெனவே நண்பராக இருப்பவரிடமிருந்து மறுபடியும் நட்பு அழைப்பு வந்தால், அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நம் வாட்ஸ்அப் கணக்கைத் திறப்பதற்கான 6 இலக்க எண் ஒன்று குறுஞ்செய்தியாக வரும். 'தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்களேன்' என்று தெரிந்தவர் எண்ணிலிருந்தே கேட்பார்கள், ஏனென்றால் அவர் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். கொடுத்தால் நம் கணக்கும் போய்விடும். யார் கேட்டாலும் அந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது. அப்புறம், இரண்டு கட்டச் சரிபார்ப்பை, அதாவது கணக்குக்கு நாமே வைக்கும் இன்னொரு ரகசிய எண்ணை, இன்றே போட்டு வையுங்கள், அது ஒரு நிமிட வேலை.

வதந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அலசி, 2018-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பொய்ச் செய்தி மறுபடி பகிரப்படும் வாய்ப்பு, உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். அதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொரு விவரம். பொய்யைப் பரப்பியவர்கள், மற்றவர்களோடு ஒப்பிட்டால், ட்விட்டருக்கு வந்து குறைந்த காலமே ஆனவர்கள், அவர்களைப் பின்தொடர்பவர்களும் குறைவு. 'நமக்கு இருப்பது நாலு பேர், நாம் பகிர்ந்து என்ன ஆகிவிடப் போகிறது' என்று புதியவர்கள் நினைப்பது தவறு. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி, பல கைகள் மாறி வந்தது என்று அர்த்தம். அதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடு 2020-இல் வந்தது. அந்தக் குறியைப் பார்த்தால், முதலில் அந்தச் செய்தியைத் தேடிப் பாருங்கள். படமாக இருந்தால், படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டால், பழைய படமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அனுப்பியதை அழிக்கும் வசதியை நம்பிக் கோபத்தில் எழுத வேண்டாம். நாம் அழிப்பதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்குப் போனில் கணக்கு தொடங்கிக் கொடுக்கும் பிள்ளைகள், படம் போடக் கற்றுக் கொடுப்பதோடு எழுந்து போய்விடுகிறார்கள். கூடவே உட்கார்ந்து இந்த செட்டிங்ஸையும் ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். அப்படிக் காட்ட ஆள் இல்லாதவர்களுக்காக, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று படங்களோடு ஒரு பக்கம் வெளியிடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்