உயிர்ப்புப் பூசையை மறுபடி இரவில் வையுங்கள்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப்பேரவை உறுப்பினர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்.

ஈஸ்டருக்கு முந்திய இரவு நடக்கும் பெரிய சனிக்கிழமைப் பூசையை, அதாவது பாஸ்கா திருவிழிப்பை, இந்த ஆண்டு மாலை ஆறு மணிக்கு மாற்றினீர்கள். அதை முடிவுசெய்த பேரவைக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அடுத்த ஆண்டு பழையபடி இரவு பதினொன்றுக்கு வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

புதுத் தீ மூட்டும்போது கடல்மேல் இன்னும் வெயில் இருந்தது. கோயில் விளக்குகளை அணைத்தும் உள்ளே இருட்டவில்லை. அந்தத் தீயில் ஏற்றிய பெரிய மெழுகுதிரியான பாஸ்காத் திரியைத் தூக்கிப் பிடித்து ‘கிறிஸ்துவின் ஒளி’ என்று பாடியபோது, சன்னல் வழியே வந்த வெளிச்சத்தில் அந்தச் சுடர் பின்வரிசையில் இருந்த எங்கள் கண்ணில் படவே இல்லை. இருட்டிய பிறகு தொடங்கி ஞாயிறு விடியுமுன் முடிக்க வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. முன்பு சனிக்கிழமை காலையிலேயே நடத்திவந்ததை 1951இல் இரவுக்குக் கொண்டுவந்தவர் திருத்தந்தை 12ஆம் பயஸ். அதை நாம் எந்த உரிமையில் பகலுக்கு இழுத்தோம்?

சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் தம்பியும் அவனோடு தொழில் செய்யும் நம் ஊர்ப் பையன்களும் சனிக்கிழமை காலையில்தான் கொச்சியில் கரைபிடித்தார்கள். மீனை இறக்கிவிட்டு, குளிக்கக்கூட நேரமில்லாமல் ரயிலேறி, குழித்துறையில் இறங்கி ஊர் வந்து சேர ஒன்பது மணி. பதினொன்றுக்குப் பூசை என்றால் தாராளமாக நேரம் இருந்திருக்கும். வந்தபோது கோயில் கேட் பூட்டியிருந்தது. முற்றத்தில் நனைந்த சாம்பல் மட்டும் கிடந்தது. அப்பா வந்ததும் ஏற்றலாம் என்று தம்பி மகள் பத்திரமாக வைத்திருந்த மெழுகுதிரியைத் தெருவோரச் சிலுவைக் கோயிலான குருசடியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். திங்கள் இரவே அவன் மறுபடி கொச்சிக்குப் போய்விட்டான்.

மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லாரும் ஊரில்தானே இருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னாராம். மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 25ஐத் தாண்டி வந்ததே கிடையாது. கடலுக்குப் போகிறவனுக்கு இந்த ஒரு இரவுதான் வாய்க்கும். பூசை முடிந்து, பக்கத்துப் பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கும் குழுவான அன்பியத்துப் பெண்கள் முற்றத்தில் கட்டன் காப்பி ஊற்றிக் கொடுக்க, சண்டையிட்டுப் பேசாமல் இருந்தவர்கள்கூட ‘அல்லேலூயா’ சொல்லிக் கைகொடுப்பார்களே, அதற்காகத்தான் ஓடி வருகிறார்கள். 2017இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு யார் திரும்பினார்கள், யார் திரும்பவில்லை என்று கரையில் நின்று எண்ணிய ஊர் நம்முடையது. எல்லாரும் ஒரே கூரைக்கடியில் நிற்பதன் அருமையை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஒலிபெருக்கிச் சட்டத்தைக் காரணம் காட்டுகிறீர்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது உண்மை. மூடிய கட்டடத்துக்குள் உள்ளவர்களுக்கு மட்டும் கேட்கும்படி வைக்க அதே விதிகளில் இடமிருக்கிறது. விழாக்களுக்கு நள்ளிரவு வரை அரசு விலக்கு அளிக்கவும் வழியுண்டு. கோபுரத்துக் குழாய்களை நிறுத்திவிட்டு உள்ளே மட்டும் வையுங்கள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் தூங்கட்டும். இதற்காகப் பூசை நேரத்தையே மாற்றவேண்டுமா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஊர் வரி பிரிக்கும்போது ஆழ்கடலில் இருப்பவன் பெயர் விடுபடுவதில்லை. கொடிமரத்துக்கும் சப்பரத்துக்கும் அவன் பங்கு வந்துசேர்கிறது. முடிவெடுக்கும் கூட்டம் மட்டும் அவன் கடலில் இருக்கும் வாரத்தில் நடக்கிறது. அவன் வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இது இந்த ஒரு விஷயத்தோடு நிற்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு இரவு கண்விழிப்பது கஷ்டம் என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களுக்கு ஞாயிறு காலைப் பூசை இருக்கிறது. பாஸ்கா திருவிழிப்பை மட்டும் இரவு பதினொன்றுக்கே வையுங்கள். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதை எடுத்து, கடலுக்குப் போயிருக்கிறவர்களின் வீட்டாரையும் அழைத்துக் கேட்டு, முடிவைத் தவக்காலம் தொடங்குமுன் பூசையில் அறிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதை வைத்துத்தான் பையன்கள் கொச்சியில் டிக்கெட் எடுக்கவேண்டும்.

இப்படிக்கு,
நம் பங்கைச் சேர்ந்த ஒரு சகோதரி