கடிதப் பெட்டியில் ஒரு பெயர்

பாரிசிலும் அதைச் சுற்றியுள்ள புறநகர்களிலும் தங்கள் வீட்டில் ஓர் அறையையோ ஒரு கட்டிலையோ வாடகைக்கு விட்டிருக்கும் நம் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். 2011 டிசம்பரில் நான் பாரிசின் புறநகரான லா கூர்நெவ்வுக்கு வந்து சேர்ந்தபோது, எந்தப் பிரெஞ்சு வீட்டுக்காரரும் எனக்குக் கதவு திறந்திருக்க மாட்டார். வாடகையைப் போல் மூன்று மடங்கு சம்பளம், நிரந்தர வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டை, பிணை நிற்க ஓர் ஆள். இவை இல்லாதவனின் விண்ணப்பத்தை முகவர்கள் பிரித்தும் பார்ப்பதில்லை. உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவுகிறவனிடம் இவற்றில் எது இருக்கும்? அந்தக் குளிர்காலத்தில் நான் தெருவில் படுக்காததற்கு ஒரு தமிழ்க் குடும்பம்தான் காரணம். அதை நான் மறக்கவில்லை.

அந்த வீட்டு வரவேற்பறையைத் திரைச்சீலையால் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு அடுக்குக் கட்டில்கள். மேல் கட்டில் எனக்கு, மாதம் 200 யூரோ. என் கீழ்க் கட்டிலில் இரண்டு பேர்: இரவு வேலைக்காரர் பகலில் படுப்பார், பகல் வேலை செய்யும் தம்பி இரவில் படுப்பான். ஆளுக்கொரு தலையணை உறை மட்டும் தனியாக இருந்தது. வேலைக்குப் போகும்போது அதைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார்கள்.

இடம் நெருக்கம் என்று முறையிட இந்த மடலை எழுதவில்லை. வாடகையைக் குறையுங்கள் என்றும் கேட்கவில்லை. இந்த நகரத்தில் வீட்டுக் கடனும் பராமரிப்புக் கட்டணமும் என்ன பாடு படுத்தும் என்பது இப்போது எனக்கும் தெரியும். நான் கேட்பது இவ்வளவுதான்: உங்கள் கட்டடத்துக் கடிதப் பெட்டியில் எங்கள் பெயரையும் ஒட்டுங்கள். வாங்கும் வாடகைக்குப் பற்றுச்சீட்டு எழுதித் தாருங்கள்.

ஏன் இதற்காக இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்கிறேன். கீழ்க் கட்டிலில் இரவில் படுத்த தம்பி வவுனியாப் பக்கத்துப் பிள்ளை. அகதி விண்ணப்பம் கொடுத்திருந்தான். அந்த வீட்டு விலாசத்தைத்தான் எழுதியிருந்தான். பெட்டியில் பெயர் ஒட்டலாமா என்று வீட்டுக்காரரிடம் இரண்டு முறை கேட்டான். கட்டடத்துக் காவலாளி ஆட்களை எண்ணத் தொடங்கிவிடுவார், வேண்டாம் என்றார். சரி என்று இருந்துவிட்டான். முடிவுக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. பதிவுத் தபால் வரும்போது ஆள் இல்லாவிட்டால் தபால்காரர் ஒரு சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார், கடிதம் 15 நாள் தபாலகத்தில் காத்திருக்கும். ஆனால் பெட்டியில் பெயரே இல்லையென்றால் அந்தச் சீட்டும் விழாது. 'இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு உறை திரும்பிப் போனது. இரண்டரை மாதம் கழித்து, மொழிபெயர்ப்புக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு விசாரிக்கப் போனபோதுதான் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட செய்தியே அவனுக்குத் தெரிந்தது. மேல்முறையீட்டுக்குச் சட்டம் தரும் ஒரு மாதம் எப்போதோ முடிந்திருந்தது.

அன்று இரவு அவன் அழவில்லை. கீழே இறங்கிப் போய் அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். நான் தேடிப் போனேன். ஐந்து வரிசை இரும்புப் பெட்டிகள். எங்கள் வீட்டுப் பெட்டியில் வீட்டுக்காரரின் குடும்பப் பெயர் பித்தளைத் தகட்டில் பளபளத்தது. அதற்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது.

அந்த வீட்டுக்காரர் கெட்டவர் அல்லர். அவன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். பயந்தார், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தவன் மட்டும் வேறொருவன்.

பற்றுச்சீட்டின் கதையும் இதுதான். அந்த வீட்டில் மூன்று ஆண்டு இருந்தேன், 7,200 யூரோ கையில் எண்ணிக் கொடுத்தேன். நான் அங்கே இருந்தேன் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் என்னிடம் இல்லை. வங்கிக் கணக்கு திறக்கப் போனாலும், மருத்துவக் காப்புறுதி அட்டைக்கு எழுதினாலும், வதிவிட அனுமதி தரும் அரசு அலுவலகமான பிரிபெக்சரில் வரிசையில் நின்றாலும் முதலில் கேட்பது வதிவிடச் சான்று. விசா, அதாவது வதிவிட அனுமதி, இல்லாமல் வேலை செய்கிறவர்களுக்கு அது இன்னும் பெரிய காரியம். 2012 நவம்பர் 28-ஆம் தேதிச் சுற்றறிக்கைப்படி, வேலை செய்துகொண்டு பொதுவாக ஐந்து ஆண்டு இங்கே வாழ்ந்ததாகக் காட்டினால் விசாவுக்கு விண்ணப்பிக்க ஒரு வழி இருந்தது. 2025 ஜனவரியில் வந்த புதிய சுற்றறிக்கை அதை ஏழு ஆண்டாக்கிவிட்டது. அந்த ஏழு ஆண்டையும் காகிதத்தால்தான் எண்ணுவார்கள். நீங்கள் எழுதித் தராத ஒவ்வொரு மாதமும், உங்கள் வீட்டில் இருக்கும் பிள்ளை இந்த நாட்டில் வாழாத மாதமாகிவிடுகிறது.

வாடகைதாரர் கேட்டால் பற்றுச்சீட்டை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 1989 ஜூலை 6-ஆம் தேதி வாடகைச் சட்டமே சொல்கிறது. நம்மிடையே என்ன நடக்கிறது? வாடகையும் வாங்கிக்கொண்டு, வதிவிடக் கடிதத்துக்குத் தனிக் காசு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு நாளும் இருக்காதவர்களுக்கு விலாசத்தை விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே அனுப்பிவைத்த ஏஜென்சிக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கே வட்டி கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் இதைச் செய்யலாமா? இது எனக்கு ஆறாத கோபம்.

உங்கள் பயங்களைப் பற்றியும் பேசுவோம். நீங்கள் ஆஷ் எல் எம் என்னும் குறைந்த வாடகைச் சமூக வீட்டில் இருப்பவரானால், அறிவிக்காமல் அறை விடுவது தவறு, அதற்கு 9,000 யூரோ வரை அபராதம் உண்டு. ஆனால் அதே சட்டம் ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அதை நம்மில் பலர் அறியவில்லை. 30 வயதுக்குக் குறைந்தவருக்கோ 60 வயதைத் தாண்டியவருக்கோ வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடலாம். வீட்டு நிர்வாகத்துக்கு முன்கூட்டிப் பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும், அறையின் பரப்புக்கு ஏற்ற வாடகையைத்தான் வாங்க வேண்டும். நம்மிடம் அறை கேட்டு வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் 30-ஐத் தொடாதவர்கள்தானே?

தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நீங்கள் கட்டும் வாடகையைவிடச் சதுர மீட்டருக்கு அதிகமாக வாங்கக்கூடாது.

வருமான வரிக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. நீங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே தளபாடத்துடன் ஓர் அறையை ஒருவரின் நிரந்தர வதிவிடமாக, நியாயமான விலைக்கு விட்டால் அந்த வருமானத்துக்கு வரி விலக்கு உண்டு. 2024-இல் பாரிஸ் பிராந்தியத்துக்கு அந்த எல்லை ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 206 யூரோ. 12 சதுர மீட்டர் அறை என்றால் அந்த ஆண்டில் மாதம் சுமார் 206 யூரோ வந்தது. அந்தந்த ஆண்டின் எல்லைக்கு மேல் வாங்கினால் வரி கட்டத்தான் வேண்டும். காஃப் (குடும்ப உதவி அலுவலகம்) தரும் உதவிப் பணம் குறையுமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இனிப்பான பதில் இல்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன வருகிறது என்பதை அறிவிப்பது உங்கள் கடமை. அதைத் தவிர்ப்பதற்காக ஒரு மனிதனை இல்லாதவன் ஆக்குவது நியாயமில்லை.

திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும் கட்டிலுக்கு ஒப்பந்தம் எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். 2002 ஜனவரி 30-ஆம் தேதி ஆணைப்படி, வாடகைக்கு விடும் இடத்தில் குறைந்தது 9 சதுர மீட்டரும் 2.20 மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையாவது இருக்க வேண்டும், அல்லது அதன் கொள்ளளவு 20 கன மீட்டராவது இருக்க வேண்டும். எங்கள் கட்டில் இருந்த இடம் இதில் எதிலும் அடங்காது. ஆனால் பெயர் ஒட்டுவதற்கு எந்தச் சட்டமும் சதுர மீட்டர் கேட்பதில்லை.

2015-இல் நான் இன்னொரு புறநகரான செவ்ரானில் ஓர் அக்காவின் வீட்டுக்கு மாறினேன். பெட்டி படுக்கையை உள்ளே வைப்பதற்கு முன்பே என் பாஸ்போர்ட்டைக் கேட்டார். முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர் என்பதால் கைப்பையில் எப்போதும் காயத்துக்கு ஒட்டும் வெள்ளை நாடா இருக்கும். அதில் ஒரு துண்டைக் கிழித்து மேசையில் ஒட்டினார். நீலப் பேனாவால் என் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதத் தொடங்கினார். அப்பாவின் பெயரும் சேர்ந்து நீளமாக இருந்ததால் ஒரு வரியில் அடங்கவில்லை, இரண்டாகப் பிரித்து எழுதினார். ஓர் எழுத்து தவறியது. அந்தத் துண்டை எறிந்துவிட்டு, பாஸ்போர்ட்டை எழுத்தெழுத்தாகப் பார்த்து மறுபடி எழுதினார். "ஒரு எழுத்து மாறினாலும் தபால்காரன் கொண்டுபோய்விடுவான் தம்பி" என்றார். பிறகு இருவருமாகக் கீழே இறங்கிப் போய் ஒட்டினோம். மாத முடிவில் புத்தகக் கடையில் வாங்கிய பற்றுச்சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கையெழுத்திட்டுத் தந்தார். அங்கே இருந்த 31 மாதங்களுக்கும் 31 தாள்கள் என்னிடம் இருக்கின்றன. என் விசா விண்ணப்பத்தில் அவைதான் முதல் கட்டு.

ஒப்பந்தம் எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், வீட்டுச் சட்டங்களை விளக்கும் அடில் அலுவலகங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன, கட்டணம் இல்லை. பிரெஞ்சு வராதவர்கள் பள்ளிக்குப் போகும் உங்கள் பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு போகலாம்.

பெயர் ஒட்டுவதற்கு அதுவும் வேண்டாம். இன்று இரவு உங்கள் வீட்டில் இருக்கும் பிள்ளை வேலை முடிந்து வந்ததும், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாளைக் காலை தபால்காரர் வருவதற்கு முன் ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்,
லா கூர்நெவ்வில் மேல் கட்டிலில் இருந்தவன்