இழுப்பறையில் இருந்த குழந்தை

மெல்போர்ன்
ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

தலையில் காதுக் கருவியோடு இருக்கும் பாப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டு நேற்று வாட்ஸ்அப்பில் ஏதோ எழுதி, உடனே அழித்தும் விட்டாய். அழிப்பதற்குள் நான் படித்துவிட்டேன். ‘அக்கா, ஸ்டார் ட்ரெக்ல வர்ற அந்தப் போர்க் (Borg) குழந்தை ஞாபகம் வருது’ என்று எழுதியிருந்தாய். அப்புறம் மூன்று முறை ‘சாரி’. நீ வருத்தப்படவே வேண்டாம்டா. அந்த நினைப்பு உனக்கு முன்னால் எனக்குத்தான் வந்தது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தக் காலையில் வந்தது. இதுவரை உன் அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உறையூரில் எதிர்வீட்டு மாடியில் கேபிள் டிவி முன்னால் நாம் உட்கார்ந்திருந்ததெல்லாம் அப்படியே இருக்கிறது. ஸ்டார் ட்ரெக், விண்வெளிக் கப்பல் கதை. பாதி இங்கிலீஷ் புரியாது. புரிந்த பாதியை நான் உனக்குச் சொல்வேன், புரியாத பாதியை நானே கட்டிச் சொல்வேன். போர்க் என்னும் அந்த இயந்திர மனிதர் கூட்டம் முதல்முறை வந்த பகுதி அமெரிக்காவில் 1989இல் ஒளிபரப்பானது. நமக்குக் கிடைத்தது சில வருஷம் கழித்து. ஒரு பெரிய கனசதுரக் கப்பல். உள்ளே போனால் சுவரில் வரிசையாக மாடங்கள், மாடத்துக்கு ஒரு ஆள், பாதி உடம்பு பாதி இயந்திரம், கண்ணை மூடி நின்றபடி. கதாநாயகர்களின் கப்பலிலிருந்து வந்தவர்களை யாரும் தடுக்கவில்லை. எழுந்து நடந்தவர்களும் மேசை நாற்காலியைத் தாண்டிப் போவதுபோல அவர்களைத் தாண்டிப் போனார்கள். அப்புறம் ஒரு இழுப்பறையைத் திறப்பார்கள். உள்ளே ஒரு கைக்குழந்தை, தலையில் இரும்பு. நீ என் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். பிறந்தவுடனேயே இயந்திரத்தைப் பொருத்திவிடுகிறார்கள் என்று நான்தான் உனக்கு விளக்கிச் சொன்னேன்.

இங்கே குழந்தை பிறந்ததுமே, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே, காதைப் பரிசோதித்துவிடுகிறார்கள். பாப்பா தூங்கிக்கொண்டிருக்கும்போதே செய்தார்கள். மறுபடி செய்தார்கள். இன்னொரு நாள் பெரிய இயந்திரத்தில் செய்தார்கள். இரண்டு காதும் கேட்காது என்று பரிசோதித்த அம்மா சொன்னபோது வெளியே வெயில் அடித்துக்கொண்டே மழை பெய்தது. இந்த ஊரில் அது சாதாரணம், ஒரே நாளில் நாலு பருவமும் வந்து போகும். எனக்கு அன்று எதுவும் சாதாரணமாக இல்லை.

ஒரு வயதில் காக்ளியர் இம்ப்ளாண்ட் ஆபரேஷன், இரண்டு காதுக்கும் ஒரே நாளில். படத்தில் நீ பார்த்தது வெளியே இருக்கும் பாதி. காதுக்குப் பின்னால் மாட்டியிருப்பதில் மைக் இருக்கிறது. அது பிடிக்கும் சத்தத்தைக் கணக்குகளாக மாற்றி, தலையில் ஒட்டியிருக்கும் வட்டத்துக்கு அனுப்புகிறது. வட்டம் நிற்பது காந்தத்தால். தோலுக்கு அடியில் இன்னொரு காந்தம் இருக்கிறது. தோலைத் துளைத்து எந்தக் கம்பியும் போகவில்லை என்று அம்மாவிடம் சொல், அவள் அதை நினைத்துத்தான் பயப்படுகிறாள். உள்ளே இருக்கும் பாதிக்கு பேட்டரியே கிடையாது. மின்சக்தியும் செய்தியும் ரேடியோ அலையாகத் தோலைத் தாண்டிப் போகின்றன. அங்கிருந்து நூல்போன்ற ஒரு கம்பி, காதுக்குள் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் போகிறது. அதில் 22 மின்முனைகள். நமக்கெல்லாம் ஒரு காதில் சுமார் 15,000 நுண்மயிர் செல்கள் செய்யும் வேலையை அவளுக்கு இந்த 22 செய்கின்றன. அவளுக்குக் கேட்பது நமக்குக் கேட்பதுபோல இருக்காது. பாட்டு ரொம்பக் கஷ்டம், கூட்டத்தில் பேச்சு கஷ்டம்.

இந்தக் கருவி வளர்ந்தது இதே ஊரில்தான் என்பது இங்கே வந்து இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரியாமல் இருந்தது. கிரேம் கிளார்க் என்று ஒரு டாக்டர். அவருடைய அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர், காது சரியாகக் கேட்காது. கடைக்கு வருகிறவர்கள் தங்கள் வியாதியை எல்லோர் முன்னாலும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. கம்பியை அந்தச் சுருளுக்குள் எவ்வளவு தூரம் நுழைப்பது என்று தெரியாமல் பல காலம் தவித்திருக்கிறார். 1977இல் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போன இடத்தில், ஒரு சங்கை எடுத்து அதற்குள் புல்லை நுழைத்துப் பார்த்திருக்கிறார். நுனி வளைந்துகொடுத்து, அடி விறைப்பாக இருக்கும் புல் சுருளோடு சுழன்று உள்ளே போயிருக்கிறது. கம்பியையும் அப்படியே செய்தார்கள். 1978 ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் ஆபரேஷன்.

இதைப் படித்த அன்றுதான் போர்க் மேல் எனக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. சின்ன வயதில் இருந்தது பயம். அவர்கள் எதையும் கண்டுபிடிப்பதில்லை தம்பி. விழுங்குகிறார்கள். ஒரு உலகத்தைப் பிடித்தால் அங்கே இருக்கும் மனிதர்களுக்கு இயந்திரத்தைப் பொருத்தி, அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கூட்டு மனத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். இனங்களுக்குப் பெயர்கூடக் கிடையாது, எண் மட்டும். மனித இனம் 5618. 1997இல் வந்த கதையில் அவர்களால் விழுங்க முடியாத ஒரு இனம் வருகிறது, 8472. விழுங்க முடியாததைப் புரிந்துகொள்ளவும் முடியவில்லை. அவ்வளவு பெரிய கூட்டு மனம் வழி தெரியாமல் நிற்கிறது. தங்களால் சேர்க்கப்படாத ஒரு சின்னக் கப்பலின் மருத்துவர்தான் விடை கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கையில் சங்கும் புல்லும் வைத்துக்கொண்டு, விடை தெரியாமல் உட்கார்ந்திருக்கப் பொறுமை உள்ள ஒரு தனி ஆள் அவர்களிடம் இல்லை.

ஆபரேஷன் முடிந்த வாரங்களில் பாப்பா ராத்திரியெல்லாம் தூங்க மாட்டாள். மடியில் போட்டுக்கொண்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, அந்தப் பகுதிகளையெல்லாம் மறுபடி பார்த்தேன், எழுத்தைப் படித்துக்கொண்டே. சின்ன வயதில் கவனிக்காத எத்தனையோ கண்ணில் பட்டன. அந்தக் கப்பலில் தலைவன் அறை இல்லை, என்ஜின் அறை என்று தனியாக எதுவும் இல்லை. எல்லாம் எங்கும் பரவியிருக்கும். 78 சதவீதம் போனாலும் மிச்சத்தை வைத்து ஓடும் என்று ஒரு இடத்தில் சொல்கிறார்கள். ஒரு துப்பாக்கியால் நாலு பேரை வீழ்த்தினால் ஐந்தாமவன்மேல் அது பலிக்காது. விழுந்தவன் கற்றதை நிற்பவன் தெரிந்துகொள்கிறான். ஒருவன் விழுந்தால் மற்றவன் குனிந்து அவனிடமிருந்து ஒரு கருவியைக் கழற்றிக்கொண்டு போவான், உடம்பு பொடியாகிவிடும். அழ ஒருவரும் இல்லை. அந்தச் சமூகத்தில் பசி இல்லை, தனிமை இல்லை, சண்டை இல்லை. இழவு வீடும் இல்லை.

அவர்கள் பேச்சில் ‘நான்’ கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அந்தப் பன்மை ஒரே சொல். நான் தமிழில் சொல்லிப் பார்த்தேன். கப்பல் எதிரே வந்து நின்று மிரட்டும்போது அது ‘நாங்கள்’. உன்னைச் சேர்க்காத பன்மை. கழுத்தில் அந்தக் குழாய் இறங்கி, நுண்ணிய இயந்திரங்கள் ரத்தத்தில் ஓட ஆரம்பித்ததும் அது ‘நாம்’ ஆகிவிடுகிறது. நடுவில் உன்னைக் கேட்கவே இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நம்ம ஜோர்டி! கண்ணில் சீப்புபோல ஒன்றை மாட்டிக்கொண்டு வருவாரே, அந்த என்ஜினியர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நெற்றிப்பொட்டில் பொருத்தியிருக்கும் இணைப்பு வழியாக அந்தக் கருவி அவர் மூளையோடு பேசும். 1987இல் முதல் பகுதியிலிருந்தே இருக்கிறார். அவரை நாம் ஒரு நாளாவது போர்க் என்று நினைத்தோமா? இல்லையே. 1992இல் வந்த பகுதியில் விபத்தில் தனியாக மாட்டிக்கொள்ளும் ஒரு போர்க் பையனோடு பேசிப் பழகி, ‘ஹ்யூ’ என்று பெயர் வைப்பது அவர்தான். அந்தப் பையன் வழியாகக் கூட்டத்தையே அழித்துவிடலாம் என்று முதலில் திட்டம் போடுகிறார்கள். அவன் வாயில் ‘நான்’ என்ற சொல் வந்தபிறகு ஜோர்டியின் கேப்டனால் அதைச் செய்ய முடியவில்லை. கேப்டனையே போர்க் பிடித்துக்கொண்டுபோய் இயந்திரமாக்கி, அவர் அறிவை வைத்தே 39 கப்பல்களை அழித்திருக்கிறது. அவரே வேண்டாம் என்கிறார். அந்த இடத்தில் பாப்பா தூக்கத்தில் என் விரலைப் பிடித்தாள். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆக, உடம்பில் இயந்திரம் இருப்பதில் பயப்பட எதுவும் இல்லை. கேட்காமல் செய்வதுதான் பயங்கரம். இதோடு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால், நானும் பாப்பாவைக் கேட்கவில்லையே. ஒரு வயதுக் குழந்தையை எப்படிக் கேட்பது? பேச்சு பிடிபடும் வயது தாண்டினால் பலன் குறைந்துவிடும் என்றார்கள். கையெழுத்துப் போட்டது நானும் அத்தானும்.

இங்கே சனிக்கிழமைகளில் ஆஸ்லான் கற்றுக்கொள்ளப் போகிறோம். ஆஸ்திரேலியச் சைகை மொழி. எழுத்துகளுக்கு இரண்டு கைகளும் வேண்டும். சொல்லித்தருபவர் பிறவியிலேயே காது கேளாதவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சின்ன வயதில் பள்ளியில் சைகை செய்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வார்களாம். 1880இல் மிலானில் ஆசிரியர்கள் மாநாடு கூடி, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சுதான், சைகை வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பல தேசங்களில் நூறு வருஷம்போல அதன் நிழல் இருந்தது. 1990இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு இந்தக் கருவியைப் பொருத்த அனுமதி கிடைத்தபோது அங்கே காது கேளாதோர் சங்கம் கடுமையாக எதிர்த்திருக்கிறது. தங்கள் மொழியும் மக்களும் இல்லாமல் போய்விடுவார்கள் என்ற பயம். அந்தக் கேப்டனைப் போர்க் இயந்திரமாக்கிய பகுதி வந்ததும் அதே 1990தான்.

தம்பி, சைகை சொல்லித்தரும் அந்த அம்மாவின் முன்னால் முதல் நாள் உட்கார்ந்தபோது எனக்கு உடம்பு கூசியது. கேட்கும் நாங்கள் எத்தனை கோடி, அவர்கள் எத்தனை பேர். எங்களைப்போல் ஆகு, இல்லாவிட்டால் ஒதுங்கு என்று ஒரு பெருங்கூட்டம் வந்து நின்றால், அவர் கண்ணுக்கு அந்தக் கனசதுரம் யார்? அவரிடம் இதைக் கேட்க எனக்குச் சைகை போதவில்லை, தைரியமும் போதவில்லை. அவர் பாப்பாவின் தலையிலிருக்கும் வட்டத்தைப் பார்த்தார், சிரித்தார், ‘உன் பெயர் என்ன’ என்று கையால் கேட்டார். பாப்பா தன் பெயரைத் தப்புத்தப்பாக விரலில் எழுதிக் காட்டினாள்.

அன்று வீட்டுக்கு வரும் ட்ராமில் நானும் அத்தானும் ஒன்று முடிவு செய்தோம். கருவியை மாட்டுவதும் கழற்றுவதும் இனி பாப்பா இஷ்டம். போர்க்கால் அது முடியாது, யோசித்துப் பார். இரவும் பகலும் ஆயிரக்கணக்கான குரல்கள் தலைக்குள். கூட்டத்திலிருந்து பிரித்து எடுக்கப்பட்ட செவன் ஆஃப் நைன் என்ற பெண் முதலில் பயப்படுவது அந்த நிசப்தத்துக்குத்தான். ஆறு வயதில் பிடித்துக்கொண்டு போனார்கள் அவளை, மௌனம் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. பாப்பாவுக்கு மௌனம் சொந்த வீடு. கேரம் டவுன்ஸ் கோவிலில் போன மாதம் மேளம் ஆரம்பித்ததும் இரண்டு வட்டத்தையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தவில்காரர் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் ‘மாட்டிவிடுங்க, பாவம் குழந்தைக்குக் கேட்காது’ என்றார்கள். நான் மாட்டவில்லை. சுண்டல் கொடுக்கும்போது அவளே வாங்கி மாட்டிக்கொண்டாள்.

பேச்சு நன்றாக வருகிறது. தமிழ், கொஞ்சம் இங்கிலீஷ், கையில் ஆஸ்லான். ‘ர’ இன்னும் வரவில்லை. நம்ம ஊரிலும் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் செய்கிறார்கள். உன் ஆபீஸில் யாரோ அக்கா மகளைப் பற்றிச் சொன்னாயே, அவர்களிடம் என் நம்பரைக் கொடு. பயம் இருந்தால் பேசட்டும். அவசரப்படாமல் கேட்பேன்.

அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, முடியை முன்னால் இழுத்துவிட்டு வட்டம் தெரியாமல் பூ வைக்கச் சொல்கிறாள். பூ வைக்கலாம், மறைக்க வேண்டாம் என்று நீயே பக்குவமாகச் சொல். நான் சொன்னால் சண்டையாகும். வட்டத்துக்கு பாப்பாவே நிறம் தேர்ந்தெடுத்தாள், ஆரஞ்சு.

டிசம்பரில் வரும்போது ஒன்று மட்டும் கவனி. ராத்திரி அதைக் கழற்றி சார்ஜில் போட்டபின் அவளைப் பின்னாலிருந்து கூப்பிடாதே, கேட்காது. முன்னால் வந்து நில், இல்லாவிட்டால் தோளை மெதுவாகத் தொடு. விளக்கைப் போட்டுவிட்டுப் பேசு. ‘மாமா’, ‘கதை’, ‘இன்னும் ஒன்று’, இந்த மூன்றுக்கும் சைகையை நாளைக்கு வீடியோ எடுத்து அனுப்புகிறேன். கடைசிச் சைகைதான் உனக்கு ரொம்ப வேண்டியிருக்கும், தினமும் கேட்பாள்.

அன்புடன்,
அக்கா