மேசையைச் சந்தேகிக்கச் சொன்னவருக்கும் மற்ற எல்லோருக்கும்

நண்பர்களே, வணக்கம்.

மேசையில் வைத்து மேலிருந்து படமெடுத்த தாள்களின் கடைசி ஃபைலும் நேற்று மாலை போய்ச் சேர்ந்துவிட்டது. "எல்லாம் சரியாக வந்திருக்கிறது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. ராத்திரி படுத்ததும் தூங்கிப்போனேன், பதினோரு நாளில் முதல் தடவையாக. எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆறப்போட்டால் நாகரிகமாக எழுதிவிடுவேனோ என்று பயம்.

நடந்ததைத் திரும்ப ஓட்டப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் கூடவே இருந்து பார்த்தவர்கள், மீதிப் பேர் என் புலம்பலையாவது படித்திருப்பீர்கள். தாள்கள் திரும்பிப் போகவேண்டிய தேதி, வலது ஓரம் மட்டும் கரைந்து வந்த படங்கள், "குறை ஒன்றும் இல்லை" என்று சர்வீஸிலிருந்து திரும்பி வந்த லென்ஸ், அதை நம்பாமல் "லென்ஸில்தான் குறை" என்று உங்களிடையே பதிவு எழுதி நான் போட்ட கூச்சல். போதும்.

அந்தக் கூச்சலுக்குப் பதிலாக என்ன எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். "ஆமாம், அது பேட் காப்பிதான், விடாதே, சண்டை போடு" என்று நாலு பேர் சொல்லவேண்டும் என்றுதான் எதிர்பார்த்தேன். பேட் காப்பி என்றால், நல்ல மாடலிலேயே குறையோடு வந்துவிட்ட ஒரு லென்ஸ். சிலர் சொல்லவும் செய்தார்கள், ஆறுதலாக இருந்தது. ஆனால் ஒருவர் மட்டும் என் கோபத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் அனுப்பியது இவ்வளவுதான்:

"தம்பி, லென்ஸைத் திட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம். ஸ்டாண்டைத் தூக்கி மேசைக்கு எதிர்ப்பக்கம் வைங்க. தாளைத் தொடாதீங்க. மறுபடி ஒரு படம் எடுங்க. குறை லென்ஸ்ல இருந்தா மங்கலும் உங்க கூடவே இந்தப் பக்கம் வரும். வராம அங்கேயே நின்னா, லென்ஸ் மேல தப்பில்ல."

படித்ததும் கொஞ்சம் எரிச்சல்தான். லென்ஸின் உள்ளே கண்ணாடித் துண்டு ஒன்று மையம் விலகி உட்கார்ந்திருக்கிறது, அதாவது டீசென்டரிங் என்று நானே தீர்ப்பு எழுதி முடித்திருந்த நேரம் அது. ஆனாலும் வேறு வழியில்லாததால் செய்தேன். கேமரா எதிர்ப்பக்கம் போனால் அதன் வலது இடதாகிவிடும். லென்ஸின் வலதில் குறை என்றால், முதலில் ஜன்னல் பக்கம் விழுந்த மங்கல் இப்போது அலமாரிப் பக்கம் விழ வேண்டும். விழவில்லை. தாளின் அதே ஓரம், அதே ஜன்னல் பக்கம், அதே குழைந்த எழுத்துகள். திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குக் காது சூடானது.

அவரிடம் சொன்னேன். "சரி, கண்ணாடி இருக்கா, முகம் பார்க்குறது?" என்று கேட்டார். அதைத் தாளின் நடுவில் படுக்கவைத்து, லைவ் வியூவில், அதாவது லென்ஸ் பார்ப்பதை அப்படியே காட்டும் கேமராத் திரையில், பார்க்கச் சொன்னார். கண்ணாடிக்குள் லென்ஸ் தன்னைத்தானே பார்க்கும். அதன் பிம்பம் ஃபிரேமின் நட்டநடுவில் இருந்தால் கேமரா தாளுக்கு நேராக இருக்கிறது, விலகியிருந்தால் எங்கோ சாய்ந்திருக்கிறது. அவ்வளவுதான் சோதனை. ஃபிலிமைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜரை டார்க் ரூமில் சரிபார்க்க அந்தக் காலத்தில் செய்ததாம்.

என் முதல் முயற்சி சொதப்பல். சட்டம் போட்ட கண்ணாடியை வைத்தேன். அதன் பின்பக்கம் சமமாக இல்லாததால் அதுவே ஆடிக்கொண்டிருந்தது. என்னால் விளக்கவும் முடியவில்லை, அவர் சொல்வது புரியவும் இல்லை. பத்து நிமிடம் பதில் வரவில்லை. சலித்துப்போய்ப் போய்விட்டார் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு படம் வந்தது.

அவருடைய மேசை. பழைய செய்தித்தாள் விரித்து, மேலே சட்டமில்லாத சின்னக் கண்ணாடி, ஒரு மூலை கீறல் விழுந்தது. கண்ணாடிக்குள் அவர் லென்ஸின் முன்வளையம், எழுத்துகள் இடம் வலமாக. நடுவில் கறுப்பு வட்டம், ஃபிரேமின் குறுக்குக்கோடுகள் அதன் மையத்தில் வெட்டிக்கொண்டிருந்தன. கீழோரத்தில் அவருடைய கட்டைவிரல், நகம் பாதி, ஃபோகஸில் இல்லாமல். கூடவே ஒரு குறிப்பு: "விரல் வந்துடுச்சு, மன்னிக்கணும். இன்னொண்ணு எடுத்து அனுப்பவா?"

அந்த நேரத்தில் எழுந்து போய், ஸ்டாண்டை மாட்டி, கண்ணாடியைத் தேடி, முன்பின் தெரியாத ஒருவனுக்காகப் படமெடுத்துவிட்டு, விரலுக்கு மன்னிப்புக் கேட்கிறார் மனிதர். நான் என்ன பதில் போட்டேன் என்பதுகூட நினைவில்லை. நன்றி சொன்னேனா என்பதே சந்தேகம். இந்த மடலுக்கு அதுதான் முதல் காரணம்.

கண்ணாடியில் பார்த்தபோது என் லென்ஸ் ஃபிரேமின் நடுவில் இல்லை, நன்றாகவே ஒதுங்கி நின்றது. கேமராவின் எலெக்ட்ரானிக் லெவல் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. அது பொய் சொல்லவில்லை. பூமிக்குக் கேமரா சமமாகத்தான் இருந்தது. மேசை இல்லை. கொத்தனார் ரசமட்டம் வைப்பதுபோல் கேமராவுக்கு மட்டும் வைத்துவிட்டு, மேசை சமமாக இருக்கிறதா என்று அத்தனை நாளில் ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை. ஒரு கால் தேய்ந்து, ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சாய்வு.

ஒரு டிகிரியில் என்ன வந்துவிடும் என்பவர்களுக்கு: கேமராவுக்குள் படம் பதியும் ஃபுல் ஃபிரேம் சென்சரின் அகலம் 36 மில்லிமீட்டர். 36 சென்டிமீட்டர் அகலத் தாளால் அதை நிரப்பினால், ஒரு டிகிரிச் சாய்வுக்கு ஓரத்துக்கு ஓரம் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றத்தாழ்வு வரும். லென்ஸின் துளை, அதாவது அபர்ச்சர், எஃப்/4-இல் இருந்தால், 24 மெகாபிக்சல் கேமராவில், பிக்சல் அளவில் உற்றுப் பார்த்தால் கூர்மையாகக் கிடைக்கும் ஆழம் சுமார் 5 மில்லிமீட்டர்தான். அதுவும் ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்துவிடும். நான் ஃபோகஸ் வைத்தது இடதோரத் தலைப்பெழுத்தில். வலதோரம் தப்பிக்க வழியே இல்லை. ஆனால் இவ்வளவு சின்னச் சாய்வில் தாள் கோணலாகத் தெரியாது, அதனால் கண்ணும் சந்தேகப்படாது. "எஃப்/8-க்கு மூடு, தரை அதிர்ந்தால் ஃபிளாஷ் போடு" என்று முதல் நாளே ஒரு தோழி சொன்னார். துளையைச் சிறிதாக்கினால் கூர்மையின் ஆழம் கூடும். அதையும் கேட்கவில்லை. அவருக்கும் இங்கேயே ஒரு கும்பிடு.

அட்டையை நாலாக மடித்து மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தேன், கண்ணாடி வைத்துச் சரிசெய்தேன். நாலு மூலையும் எழுந்து நின்றன. மூன்றே நாளில் எல்லாத் தாளையும் திரும்ப எடுத்து முடித்தேன்.

லென்ஸிடம்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும். அதைச் சோதித்து எழுதியவர்களிடமும். வாங்கும்முன் மூன்று விமர்சனங்கள் படித்திருந்தேன். கம்பெனியிடம் இலவசம் வாங்காமல், சொந்தக் காசிலோ வாடகையிலோ எடுத்துச் சோதித்தவர்கள் எழுதியவை. ஒருவர் ஒரே குறியைப் படத்தின் நான்கு மூலைக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோய் எடுத்து, நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தார். ஃபீல்டு கர்வேச்சர், அதாவது ஃபோகஸ் தளம் தட்டையாக இல்லாமல் வளைவது, அநேகமாக இல்லை, தட்டையான பொருளுக்கு நம்பி வாங்கலாம் என்று அவர் எழுதியது அப்படியே உண்மை. படித்தேன், வாங்கினேன், முதல் சிக்கல் வந்ததும் அவர் சொன்னதை மறந்து லென்ஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன்.

லென்ஸைச் சோதிக்கச் செங்கல் சுவரைப் படம் எடுக்கிறவர்கள் என்று இவர்களைக் கிண்டல் செய்வது வழக்கம். நானும் செய்திருக்கிறேன், நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு. லென்ஸின் கூர்மையைக் காட்டப் பல கம்பெனிகள் போடும் எம்டிஎஃப் வரைபடம் வடிவமைப்பிலிருந்து கணக்கிட்டது. செய்து முடித்துப் பெட்டியில் வைத்த லென்ஸை அளந்தது அல்ல. அந்தப் பெட்டியில் இருப்பது எப்படி நடந்துகொள்ளும் என்று யாராவது ஒருவர் சுவர்முன் நின்றுதானே சொல்லவேண்டியிருக்கிறது? அபர்ச்சரை மூடினால் ஃபோகஸ் நகர்கிறதா, ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையும் கசிகிறதா, மூலையில் உள்ள நட்சத்திரத்துக்குச் சிறகு முளைக்கிறதா என்று பார்க்க ஒருவர் குளிரில் ராத்திரி முழுக்க நின்றிருக்கிறார். லென்ஸ் வாடகை நிறுவனம் தொடங்கிய ரோஜர் சிகாலா ஒரே மாடலில் பத்து லென்ஸை ஆப்டிகல் பெஞ்ச் என்ற அளவுக்கருவியில் ஏற்றி, ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று வரைந்து காட்டியிருக்காவிட்டால், "பேட் காப்பி" என்ற சொல்லை இன்றைக்கும் வாய்க்கு வந்தபடிதான் வீசிக்கொண்டிருப்போம். நான் இப்போதும் அப்படித்தான் வீசினேன் என்பது வேறு விஷயம்.

1998-இல் ஃபில் ஆஸ்கி தொடங்கிய டிபிரிவ்யூ என்ற கேமரா விமர்சன இணையதளம் மூடப்படப்போகிறது என்று 2023 மார்ச்சில் அறிவிப்பு வந்தபோது ஏற்பட்ட பதைப்பு பலருக்கு நினைவிருக்கும். இருபத்தைந்து வருடச் சோதனைகள், பேச்சுகள் எல்லாம் என்ன ஆகும் என்று ஆளாளுக்கு அள்ளிச் சேமிக்க ஓடினார்கள். ஜூனில் வேறு கை வாங்கியதால் அது பிழைத்தது. அந்த மூன்று மாதமும் எனக்கு என்னவோ தாத்தாவின் பரணைக் காலி செய்யச் சொன்னதுபோல இருந்தது. எப்போதும் இருக்கும் என்று நினைத்துத்தான் யாருக்கும் நன்றி சொல்லாமல் படித்துக்கொண்டே போகிறோம்.

மற்றவர்களையும் விட்டுவிட முடியாது. இதே லென்ஸ் வைத்திருக்கும் நான்கு பேர், ஒப்பிட்டுப் பார்க்க, கேமரா பதிந்தபடியே இருக்கும் ரா ஃபைல் அனுப்பினீர்கள். ஒருவர் தன்னுடையதையே கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டீர்கள். நடுராத்திரியில் "போய்த் தூங்கு, காலையில் மேசையே மாறியிருக்கும்" என்று விளையாட்டாகச் சொன்னவர், பாதி சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். கூச்சல் அடங்கும்வரை ஒன்றும் சொல்லாமல் இருந்தவர்களுக்கும் நன்றி. சர்வீஸ்காரர்களைப் பற்றி நான் எழுதிய வார்த்தைகளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவர்கள் சொன்னது சரி.

என் பழைய பதிவை அழிக்கப் போவதில்லை. அழித்தால் நான் புத்திசாலியாகத் தெரிவேன், வேறொன்றும் நடக்காது. மேலே தடித்த எழுத்தில் "குறை மேசையில்" என்று போட்டு, இரண்டு பக்கமும் நின்று எடுத்த படங்களையும் கண்ணாடிப் படத்தையும் சேர்த்துவிட்டேன். இந்த லென்ஸைப் பற்றி ஒரு விமர்சனமும் எழுதப்போகிறேன், ஆறு மாதம் கழித்து, அதனிடம் நன்றாக வேலை வாங்கிய பிறகு. அதன் ஃபோகஸ் மோட்டார் போடும் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான். இனிமேல் யாராவது "என் லென்ஸில் ஒரு ஓரம் மங்கல்" என்று வந்தால், ஸ்டாண்டை எதிர்ப்பக்கம் வைக்கச் சொல்ல நான் இருக்கிறேன். கோபமாக வந்தாலும் சரி.

ஐயா, உங்கள் பெயரைப் போடவேண்டாம் என்றீர்கள், போடவில்லை. கட்டைவிரல் விழுந்த அந்தப் படத்தை மட்டும் வைத்திருக்கிறேன். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுவேன். சொல்லாதீர்கள்.